ஹாஃப் இடத்துக்கு ஓர் ஆள்

தையல்காரர் என் மேல் நாடாவை வைக்க நான் விடுவதில்லை. பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து, இதே அளவில் தைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். தொப்பை போட்டபின் அந்த அளவு எனக்குப் பொருந்துவதில்லை. புதுச் சட்டைகள் எல்லாம் பித்தானை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. என் மனைவி இதற்காக எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். திட்டட்டும். அளவு நாடாவைக் கண்டால் எனக்கு ஓர் ஆபீசரின் முகம் ஞாபகம் வருகிறது, உடனே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. எழுபதுகளின் நடுவில் நடந்த விஷயம் அது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

வாளையாருக்கு இந்தப் பக்கம், லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டை ஒட்டி ஒரு நூல் மில் இருந்தது. அதில் நான் குடோன் கிளார்க். நூல் மூட்டைகளைச் சரிபார்த்து லாரியில் ஏற்றிவிடுவது என் வேலை. ஆனால் மில் என்னை எடுத்தது அதற்காக அல்ல, கால்பந்துக்காக. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பந்தாடிப் பிழைக்க வேறு வழி கிடையாது. கல்லூரியில் நன்றாக ஆடினால் ஏதாவது ஒரு மில்லோ பேங்கோ ரயில்வேயோ கூப்பிட்டு ஒரு நாற்காலி கொடுக்கும். காலையில் நாற்காலி, சாயங்காலம் மைதானம். எங்கள் மில்லும் வருஷா வருஷம் கல்லூரிப் பரீட்சைகள் முடிந்த கையோடு ஓர் ஆளையோ இரண்டு ஆளையோ எடுக்கும். வேலையோடு, காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு குவார்ட்டர்ஸும் கிடைக்கும்.

நான் ஆடியது ஹாஃப் இடத்தில். பின்னால் தடுக்கிற பேக்குகளுக்கும் முன்னால் கோல் போடுகிற ஃபார்வேர்டுகளுக்கும் நடுவில் நிற்பவன் ஹாஃப். எதிராளி வந்தால் காலை வைத்துத் தடுக்க வேண்டும். பந்து கிடைத்தால் முன்னால் இருப்பவனுக்குப் பக்குவமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வேலை, ஒரு கைதட்டல்கூடக் கிடையாது. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். தடுத்த பேக்கை முதுகில் தட்டுவார்கள். ஹாஃப் தன் பாட்டுக்குப் போய் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பான். இதை நான் வருத்தத்தில் சொல்லவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அங்கே நிற்பவனுக்குத்தான் ஆட்டம் முழுக்கத் தெரியும்.

அந்த வருஷம் என் வலது முட்டி போய்விட்டது. மாடிப்படி ஏறினாலே உள்ளே ஏதோ சொடக்குப் போடும். என் இடத்துக்கு ஆள் தேட வேண்டும் என்றார்கள். காப்டன் நான்தான் என்பதால் தேடும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சனி ஞாயிறுகளில் பாலக்காடு, சித்தூர், கோயம்புத்தூர் என்று கல்லூரி மைதானங்களாக அலைந்தேன்.

இப்படி ஆள் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பந்தையே பார்ப்பார்கள். கோல் விழுந்ததும் “யாருங்க அது?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரியும். நான் பந்தைப் பார்ப்பதில்லை. பந்து வேறு எங்கோ இருக்கும்போது ஹாஃப் எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான் என்று பார்ப்பேன். பந்து வந்த பிறகு தலையைத் தூக்கி ஆளைத் தேடுகிறவன் எனக்கு வேண்டாம். வருவதற்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும்.

அப்படி ஒருவனைப் பாலக்காட்டில் பார்த்தேன். மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. எல்லோரும் வழுக்கி வழுக்கி விழ, ஒல்லியாக, உயரம் கம்மியாக ஒரு பையன் மட்டும் கீழே விழாமல் நடுவில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். அவனுடைய அணியில் இடது ஓரத்தில் ஆடியவனுக்கு இடது கால் சுத்தமாக வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கே பாதி ஆட்டம் ஆயிற்று. இந்தப் பையன் அவனுக்குக் கொடுத்த பந்து ஒவ்வொன்றும் அவனுடைய வலது காலுக்கே போயிற்று. சேற்றில், ஓடிக்கொண்டே, மறுபுறம் பார்த்தபடி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற பேராசிரியர் ஒருவர், “நம்ம பசங்க ஒருத்தனும் இன்னைக்குச் சரியில்லைங்க,” என்றார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் அவனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். சொந்த ஊர் இடுக்கி மலையில், சக்குபள்ளத்துக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து ஏறிப் போன குடும்பம். அப்பாவுக்குத் தோட்ட வேலை. வேலந்தாவளத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான். படிப்பு அந்த வருஷத்தோடு முடிகிறது.

“இந்த ஆட்டத்தை எங்க கண்ணு கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

“தோட்டத்துலதான் சார். எங்க கிரவுண்டு சமதளம் கெடையாது. அங்கிட்டு மேடு, இங்கிட்டு ஏலக்காடு. ஓங்கி அடிச்சா பந்து காட்டுக்குள்ள உருண்டு போயிரும். போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள அட்டை கடிச்சு கால் பூரா ரத்தமாயிரும். இருக்குறதே ஒரு பந்து. அதனால ஆள் இல்லாத எடத்துக்கு யாருமே அடிக்க மாட்டோம் சார்.”

நான் சிரித்துவிட்டேன். எந்தக் கோச்சும் சொல்லித்தர முடியாததை ஒரு சரிவும் அட்டையும் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. மில்லைப் பற்றிச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

“குவார்ட்டர்ஸ் குடுப்பாகளா சார்? அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?” என்று கேட்டான்.

ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொன்னான். தோட்டத்தில் அவர்கள் இருப்பது லயத்து வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால்தான் அந்த வீடு. அம்மாவுக்கு மூச்சிரைப்பு, காய் எடுக்கப் போவதை விட்டு வருஷங்கள் ஆகின்றன. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அடுத்த மழைக்காலத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் இவன் தோட்டத்தில் பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேர் கொடுப்பதென்றால் அப்பா செய்த அதே வேலையில் சேர்வது. ஒரு தடவை பேர் கொடுத்துவிட்டால், வேலையை விடுகிற அன்றைக்கு வீடும் போகும்.

“பி.ஏ. முடிச்சிட்டு மறுபடியும் பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கிட்டு ஏலக்காட்டுக்குள்ள போறதுன்னா அப்பாவுக்கு மனசு கேக்கல சார்,” என்றான். தனக்கு மனசு கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

“நீ வா கண்ணு. ஹாஃப் எடம் உனக்குத்தான்,” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருந்தது. அதுவரை எங்கள் மில்லில் ஆள் எடுப்பது, நானும் கோச்சும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற காரியம். வெல்ஃபேர் ஆபீசர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. கழுத்தை அறுத்தாலும் “கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்குங்க” என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார். வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. அந்த வருஷம் மெட்ராஸில் ஏதோ பயிற்சி என்று போனவர், ஒரு நீள நாடாவும் ஸ்டாப் வாட்ச்சும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். இனிமேல் ஆள் எடுப்பது சைன்டிஃபிக்காக நடக்கும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். உயரம், எடை, ஓட்டம், தாவல், பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறான் என்பது. எல்லாவற்றுக்கும் மார்க். கடைசியில் ஆட்டமும் உண்டு, அதற்கும் கொஞ்சம் மார்க். கால்பந்து ஆடப் போகிறவனுக்கு ஆட்டத்துக்குக் கொஞ்சம் மார்க்! படித்தபோது நோட்டீஸைக் கிழித்துப் போடக் கை துறுதுறுத்தது.

தேர்வு நாளன்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். காண்டீனில் அன்றன்றைய சாப்பாட்டை எழுதிப் போடும் கரும்பலகையைத் தூக்கி வந்து மைதான ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார் ஆபீசர். முந்தின நாள் எழுதிய ‘புளிக்குழம்பு’ சரியாக அழியாமல் தெரிந்தது. அதன் மேலேயே ஆட்களின் மார்க்கை எழுத ஆரம்பித்தார். எங்களுக்கும் ஒரு சட்டம் போட்டார்.

“தேர்வு நடக்கறப்ப நீங்க ரெண்டு பேரும் பசங்ககிட்ட ஒண்ணும் பேசக்கூடாதுங்க. நானும் பேச மாட்டேன். அப்பத்தாங்க சுத்தமா இருக்கும்.”

கோச் தலையாட்டினார். பட்டாளத்தில் ஆடி ஓய்வு பெற்ற மனிதர், எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர். வருஷா வருஷம் மேனேஜ்மென்ட் மனசு வைத்தால்தான் அவருக்கு வேலை. ஆபீசர் எதைச் சொன்னாலும் அவர் தலை முன்னும் பின்னும் ஆடும். பக்கவாட்டில் ஆடி நான் பார்த்ததில்லை.

மில் சுவரோடு ஒவ்வொருவராக நிறுத்தி உயரம் அளந்தார்கள். மலைப் பையன் அதில் கடைசிக்குப் பக்கம். வந்தவர்களில் ஒரு நெட்டையன் இருந்தான், டவுன் கல்லூரி, நல்ல தோள், நல்ல தொடை. அவன் சுவரில் நின்றபோதே ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது. ஓட்டத்தில் மலைப் பையன் நடுவில் வந்தான். அது போதும் என்று நினைத்தேன். ஹாஃப் குதிரை மாதிரி ஓட வேண்டியதில்லை.

அப்புறம் அந்த உதை. மைதானத்தின் ஒரு முனையில் பந்தை வைத்து மூன்று தடவை அடிக்க வேண்டும். அடித்த பந்துகளைத் திருப்பி அனுப்புவதற்காக எங்கள் கோல்கீப்பர் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆபீசர் எல்லோருக்கும் ஒரே வாசகத்தைத்தான் சொன்னார். “அங்க ஒருத்தர் நிக்கறாரல்லங்க, அவரைப் பார்த்து அடிங்க.”

மற்றவர்களுக்கு அது திசை. ஓங்கி அடித்தார்கள். பந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலே போயிற்று, வேலிக்குப் போயிற்று, வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குப் போயிற்று. அவர் பாவம், திட்டிக்கொண்டே ஓடி ஓடி எடுத்து வந்தார். நெட்டையன் அடித்ததில் ஒரு பந்து ரோட்டுக்கே போய் லாரிக்காரன் ஒருவன் பிரேக் போட்டான். ஆபீசர் கைதட்டினார்.

மலைப் பையன் வந்தான். ஒரு தடவை தலையைத் தூக்கிக் கோல்கீப்பர் நிற்கும் இடத்தைப் பார்த்தான். காலை வீசினான். பந்து உயரமாகவும் போகவில்லை, தரையிலும் போகவில்லை. வளைந்து போய்க் கோல்கீப்பரின் நெஞ்சில் இறங்கியது. அவர் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. காலையிலிருந்து ஓடிக் களைத்திருந்த மனிதர், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். ஆபீசர் நாடாவைப் பிடித்துக்கொண்டு அவர் காலடிவரை போய் அளந்தார். மற்றவர்கள் அடித்ததில் பாதித் தூரம்கூட இல்லை.

கத்த வேண்டும் போல் இருந்தது. அவரை விடு, ஓங்கி அடி, இது தூரம் பார்க்கிற உதை! கோச்சைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. “சார், அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறனுங்க,” என்று ஆபீசரிடம் கெஞ்சினேன். ஆபீசர் விரலை உதட்டில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்குவது போல.

இரண்டாவது உதைக்குள் கோல்கீப்பர் தண்ணீர் குடிக்க ஓரமாகப் போயிருந்தார். பையன் தலையைத் தூக்கித் தேடினான். கண்டுபிடித்தான். பந்து அந்த ஓரத்துக்குப் போய், சொம்பும் கையுமாக நின்ற அவருடைய காலடியில் அடங்கி நின்றது. அவர் சொம்பைக் கீழே வைக்கக்கூட இல்லை. மூன்றாவதும் அப்படியே. அதற்குப் பிறகு பையன் என் பக்கம் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏனென்றால் என் முகத்தில் இருந்த கோபத்தை அவன் தன் மேல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆபீசர் பலகையில் அவன் பெயருக்கு நேரே மிகச் சின்ன எண்ணாக ஒன்றை எழுதினார். “கால்ல வலுவே இல்லைங்க,” என்றார்.

அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதை ஆட்டம் என்றே சொல்லக்கூடாது. கோல் போட்டவனைத்தான் எடுப்பார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரியும், அதனால் ஒருவனும் இன்னொருவனுக்குப் பந்து கொடுக்கவில்லை. மலைப் பையன் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தான். வாங்கியவர்கள் எங்கிருந்தாலும் கோலை நோக்கி உதைத்தார்கள், பந்து கோலைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிற்று. ஆபீசர் உதைத்தவர்களை எல்லாம் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் காண்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் முதலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“ஏனுங்க சார், வேலந்தாவளம் சந்தையில மாடு வாங்கறவன்கூட வண்டியில பூட்டி ஒரு நடை நடக்க விட்டுப் பார்ப்பானுங்க. நீங்க கொம்பு எத்தனை நீளம்னு அளந்துட்டு உட்கார்ந்திருக்கறீங்க. அந்தப் பையன் மூணு பந்தையும் ஆளுகிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்தானுங்க. மத்தவனுக எல்லாம் கருவேலங்காட்டுக்குப் பாஸ் கொடுத்தானுக. நமக்கு வேணுங்கறது ஹாஃபுங்க. பீரங்கி இல்லைங்க.”

“கோவப்படாதீங்க,” என்றார் ஆபீசர். குரல் கொஞ்சமும் உயரவில்லை. “உங்ககிட்ட இருக்கறது கண்ணு. என்கிட்ட இருக்கறது டேப்பு. ரெண்டுல மேனேஜ்மென்ட் எதை நம்பும்னு நீங்களே சொல்லுங்க.”

நான் கோச்சைப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்க. அவன் அடிச்சது என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

கோச் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “பலகையில இருக்கறதுதான் இருக்குது,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆபீசரையாவது தெரியாதவர் என்று விட்டுவிடலாம். இந்த மனிதருக்குத் தெரியும். அந்த மூன்று உதையையும் என்னைப் போலவே பார்த்தவர். இன்றைக்குவரை நான் அவரை மன்னிக்கவில்லை, அவர் போய்ச் சேர்ந்தபோது மாலை போடப் போனவர்களில் நான் இல்லை.

எழுந்து போய்ப் பலகையில் இருந்ததை எல்லாம் துண்டால் அழித்தேன். புளிக்குழம்பு உள்பட அழிந்தது. ஆபீசர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், எல்லாவற்றையும் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டாராம். அதன் பிறகு நான் என்னென்னவோ கத்தினேன், வாட்ச்மேன் ஓடி வரும் அளவுக்குக் கத்தினேன். நான் கத்தாமல் பக்குவமாகப் பேசியிருந்தால் காரியம் நடந்திருக்கும் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்குவமாகப் பேசுவதில் அந்த ஆளை யாரும் ஜெயித்திருக்க முடியாது.

நெட்டையனை எடுத்தார்கள். என் இடத்தில் நிறுத்தினார்கள். முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு நான் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வருஷ ஆட்டங்களைப் பார்த்தேன். பந்து அவனிடம் வரும், அவன் ஓங்கி உதைப்பான், எங்கள் ஃபார்வேர்டுகள் அண்ணாந்து பார்ப்பார்கள், எதிர்ப் பக்கத்துப் பேக்குகள் சாவகாசமாக எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் அந்த உதைக்குக் கைதட்டியது. நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனை ஃபார்வேர்டாகவோ பேக்காகவோ போட்டிருந்தால் பிழைத்திருப்பான். வருஷம் முடிவதற்குள் ஒரு பேங்க் கூப்பிட்டதும் போய்விட்டான்.

ஒருநாள் ஆபீசர் குடோனுக்கே வந்தார். நூல் மூட்டை மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

“அந்த மலைப் பையனை நீங்க சொன்னீங்கல்ல, அவனை வரச் சொல்லிப் பாருங்களேன். எடம் ஒண்ணு காலியாத்தான் இருக்குது. குவார்ட்டர்ஸ் மட்டும் இப்ப இல்லைங்க, ஸ்பின்னிங் மாஸ்டருக்குக் கொடுத்தாச்சு.”

அந்த ஆளை மூட்டையோடு சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். ஒருவேளை அவன் இன்னும் பேர் கொடுக்காமல் இருக்கலாம், எங்காவது ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிப் போய், குமுளியில் இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்தைப் பிடித்தேன்.

லயத்து வாசலில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். மில்லிலிருந்து வருகிறேன் என்றதும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார்.

“வாங்கய்யா, வாங்க. ஒங்களப் பத்திப் புள்ள சொல்லியிருக்கான். வீடு நின்னுருச்சுங்கய்யா. அவன் பேரு குடுத்துட்டான், எங்கள யாரும் எந்திரின்னு சொல்ல முடியாது.”

மூச்சு வாங்க வாங்க, சந்தோஷமாகச் சொன்னார். உள்ளே அவனுடைய அப்பா கட்டிலில் படுத்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எதற்கு வந்தேன் என்பதை அந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது? வீட்டை விட்டுவிட்டு வா, வேறு வீடு இல்லை, ஆனால் ஹாஃப் இடம் இருக்கிறது என்றா?

வேலை முடிந்து அவன் வந்தான். முதுகில் மருந்தடிக்கிற டப்பா. காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பைத் தடவியிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. டப்பாவை இறக்கி வைத்துவிட்டு முதலில் என்னைத் தங்கள் மைதானத்துக்குத்தான் அழைத்துப் போனான். அவன் சொன்னது போலவே ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் காடு. மைதானம் என்று சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். அங்கே வைத்து விஷயத்தைச் சொன்னேன். இடம் காலியாக இருப்பதையும் சொன்னேன், குவார்ட்டர்ஸ் இல்லாததையும் சொன்னேன்.

“இப்ப எப்படி சார் வர்றது? அம்மாவை எங்க கொண்டுபோய் வைக்க?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று நம்பி நிஜமாகவே கேட்டான். அவனாவது கோபப்பட்டிருக்கலாம். அந்த ஆபீசரை, கோச்சை, என்னை, யாரையாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவன் திட்டாததால் அவன் பங்குக் கோபத்தையும் நானே சுமந்துகொண்டு திரிகிறேன்.

ரோடுவரை வழியனுப்ப வந்தான். ஜீப்புக்குக் காத்திருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“சார், ஒண்ணு கேக்கணும். நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், அன்னைக்கு எதுல விட்டேன்னு தெரியல. ஓட்டத்துல முன்னாடி வரல, அது தெரியும். உசரமும் பத்தல. ஆனா அந்த மூணு பந்தும் கோல்கீப்பருக்குச் சரியாத்தான சார் போச்சு? அவர் ஒரு எட்டுகூட நகரலையே. அவரைப் பாத்து அடின்னாக, அப்படியே அடிச்சேன். அதுல எனக்கு ஃபுல் மார்க் போட்டிருப்பாகல்ல?”

ஜீப் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஃபுல் மார்க்தான் கண்ணு,” என்றேன்.

“அப்ப உசரந்தான் சார் காரணம்,” என்றான் அவன், நிம்மதியாக. “அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?”